காற்றாலைக்கு ‘ஆஃப்’ சுவிட்ச் கிடையாது
வாசகர் கேள்வி பதில்: மின்சாரப் பகுதி

கேள்வி: சிம்மக்கல் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். என் அக்கா மகன் கப்பலில் இன்ஜினியர். அவனும் நண்பர்களும் சேர்ந்து கொச்சியில் பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறார்கள், முப்பது அடி நீளம். அதன் பின்பக்கம் ஒரு கம்பத்தில் 12 வோல்ட், 400 வாட் காற்றாலை வைத்து பாட்டரியை சார்ஜ் செய்ய வேண்டுமாம். ‘மாமா, வயரிங் நீங்கதான் பண்ணணும்’ என்று சொல்லிவிட்டான். வீட்டு மெயின் பெட்டியில் (டிபி) போடுகிற 32 ஆம்ஸ் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே அறுக்கிற சுவிட்ச்) ஒன்று, 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், நடுவில் ஒரு ஆன் ஆஃப் சுவிட்ச் என்று சாமான் லிஸ்ட் எழுதி வைத்திருக்கிறேன். பாட்டரி 200 ஏஎச் (ஆம்பியர் அவர்), தண்ணீர் ஊற்றுகிற லெட் ஆசிட். மெஷினிலிருந்து மூன்று ஒயர் வருகிறது. இது போதுமா?
சிம்மக்கல் வாசகர், மதுரை

பதில்: அண்ணே, டவுன்ஹால் ரோட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே கேட்டீர்களே, அது ரொம்ப நல்லது. லிஸ்டில் இருக்கிற மூன்றையுமே மாற்ற வேண்டும். எம்சிபியையும் ஒயரையும்கூட மன்னித்துவிடலாம், அந்த ஆன் ஆஃப் சுவிட்ச்தான் ஆளைக் காயப்படுத்தக்கூடியது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டில் எதையும் நிறுத்துவது என்றால் லைனை அறுப்பதுதான். சுவிட்சைத் தட்டினால் கரண்ட் போகாது, ஃபேன் நிற்கும். காற்றாலையில் இது தலைகீழ். இறக்கையைச் சுற்றுவது கரண்ட் இல்லை, காற்று. கரண்ட் எடுக்கும்போதுதான் அந்த மெஷினுக்குச் சுமை, அந்தச் சுமைதான் அதன் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. நல்ல காற்றில் நீங்கள் லைனை அறுத்தால், கமலையில் கயிறு அறுந்த மாடு முன்னால் பாய்கிற மாதிரி இறக்கை பாயும். வேகம் ஏற ஏற வோல்டேஜும் அதே விகிதத்தில் ஏறும். 12 வோல்ட் மெஷின் என்று பெயர்ப் பலகையில் போட்டிருந்தாலும், பாட்டரி பிரிந்தபின் அதன் முனையில் அதைப்போலப் பல மடங்கு வரும். முதலில், பாட்டரிக்குப் போகிற சார்ஜைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலர் போகும், அப்புறம் பேரிங், மோசமான நாளில் இறக்கையே உடைந்து பறக்கும். 1.2 மீட்டர் விட்டமுள்ள இறக்கை நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 226 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும், படகில் ஆட்கள் உட்காருகிற இடத்துக்கு நேர் மேலே.

அதனால் காற்றாலையை நிறுத்த அதன் ஒயர்களை அறுக்கக் கூடாது, ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். இது வைண்டிங் கடைக்காரரான உங்களுக்குக் கையிலேயே தெரியும். மெஷினை மேஜையில் வைத்து மூன்று முனையையும் பிரித்துவிட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், லேசாகச் சுற்றும். மூன்றையும் முறுக்கிச் சேர்த்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள், சேற்றுக்குள் கை விட்ட மாதிரி கனக்கும், வேகமாகச் சுற்றப் பார்த்தால் இன்னும் கனக்கும். உள்ளே காந்தம் நகரும்போது காயிலில் ஓடுகிற ஷார்ட் கரண்ட், அந்த நகர்தலையே எதிர்க்கிறது, அவ்வளவுதான். கனம் ஒரே சீராக இல்லாமல் விட்டுவிட்டு வந்தால் ஏதோ ஒரு ஃபேஸ் சரியில்லை என்று அர்த்தம், கம்பத்தில் ஏற்றும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். இந்தச் சோதனை கொச்சிக்குப் போய்ச் செய்ய வேண்டியதில்லை, உங்கள் கடையிலேயே முடியும்.

சரி, அப்படியென்றால் என்ன சுவிட்ச்? மெஷினிலிருந்து வரும் மூன்று ஒயரும் கன்ட்ரோலருக்குள் நுழையும் முன், மூன்றையும் ஒன்றாக ஷார்ட் செய்கிற மூன்று போல் ரோட்டரி சுவிட்ச், அதுதான் காற்றாலைக்கு பிரேக். அந்த இடத்தில் ஓடுவது ஏசி, அதனால் நல்ல ஏசி ரோட்டரி சுவிட்சே தாங்கும், கிடைப்பதும் சுலபம். டிசி பக்கம் 30 ஆம்பியர் என்றால் ஒவ்வொரு ஃபேஸிலும் சுமார் 25 ஆம்பியர் வரும். ஆனால் பிரேக் போடும் நேரத்து கரண்ட் அதைத் தாண்டும், ஆகவே 63 ஆம்பியருக்குக் குறைவாக வாங்காதீர்கள். சில மெஷின்களில், ஏசியை டிசியாக மாற்றுகிற ரெக்டிஃபையர் தலைக்குள்ளேயே இருக்கும், இரண்டு ஒயர்தான் வெளியே வரும். அந்த வகையாக இருந்தால் சுவிட்ச் முதலில் பாட்டரியைப் பிரித்துவிட்டு அதற்கப்புறம்தான் மெஷினை ஷார்ட் செய்ய வேண்டும். ஒரு கணம் இரண்டும் ஒட்டி நின்றாலும் பாட்டரி ஷார்ட் ஆகிவிடும். உங்களுடையது மூன்று ஒயர் என்பதால் அந்தக் கவலை இல்லை, ரெக்டிஃபையர் நடுவில் நின்று பாட்டரியின் கரண்ட் திரும்பி வராமல் தடுத்துவிடும்.

பிரேக்கை எப்போது போடுவது என்பதையும் மருமகனிடம் சொல்லிவிடுங்கள். புயல் மாதிரி அடிக்கும்போது போடக் கூடாது. முழு வேகத்தில் ஷார்ட் செய்தால் அத்தனை சக்தியும் காயிலுக்குள் சூடாக இறங்கும், காயில் கம்பியின் இனாமல் பூச்சு கருகினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காற்று ஏறுவதற்கு முன்னால் போட வேண்டும், அல்லது இரண்டு வீச்சுக்கு நடுவில் தணிகிற நேரம் பார்த்துப் போட வேண்டும். படகு ஓடிக்கொண்டிருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. காற்று போகிற திசையிலேயே படகைத் திருப்பினால், படகின் வேகம் கழிந்துபோய் இறக்கைக்குக் கிடைக்கிற காற்று குறையும். காற்றின் வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதால், கொஞ்சம் குறைந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். மெஷினோடு வந்த புத்தகத்தில் பிரேக் பற்றி வேறு மாதிரி சொல்லியிருந்தால் நான் சொல்வதை விட்டுவிட்டு அதைக் கேளுங்கள்.

இப்போது எம்சிபிக்கு வருவோம், அதன் இடத்தில் ஃபியூஸ் போடப் போகிறோம், வீட்டு எம்சிபியில் என்ன சிக்கல் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது. அதற்கு முன், ஃபியூஸ் யாரிடமிருந்து எதைக் காப்பாற்றுகிறது என்பதில் தெளிவு வேண்டும். பலரும் மெஷினைக் காப்பாற்ற மெஷின் பக்கத்தில் ஃபியூஸ் போடப் பார்க்கிறார்கள். மெஷின் தன்னால் முடிந்த கரண்டைத்தான் தரும், அதற்கு மேல் தர அதனிடம் இல்லை. ஆயிரக்கணக்கில் தரக்கூடியது பாட்டரி. உங்கள் 200 ஏஎச் பாட்டரியின் உள் ரெசிஸ்டன்ஸ் 4 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், ஷார்ட்டில் மூவாயிரம் ஆம்பியருக்கு மேல் வரும். ஒயர் எங்காவது இரும்பில் உரசித் தோல் போனால் அந்த மூவாயிரம்தான் ஓடும், படகின் உள்ளே மரமும் ஃபைபரும் ரெசினும். ஆகவே ஃபியூஸ் பாட்டரி முனையில், பாசிட்டிவ் டெர்மினலுக்கு எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அவ்வளவு கிட்டத்தில் இருக்க வேண்டும். படகு மின்சாரத்துக்கு அமெரிக்காவில் கடைப்பிடிக்கிற ஏபிஒய்சி விதி இதற்கு 7 அங்குலம் என்று கணக்கு வைத்திருக்கிறது, அதாவது ஒரு சாண் அளவுகூட இல்லை. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் புதிதாகப் போடுகிறவர் அதைத் தேட வேண்டாம். டெர்மினல் மேலேயே போல்ட் போட்டு உட்காருகிற எம்ஆர்பிஎஃப் என்ற ஃபியூஸ் வகை இருக்கிறது, சின்னப் படகுக்கு என் ஓட்டு அதற்குத்தான். 14 வோல்ட்டில் 10,000 ஆம்பியர் ஷார்ட்டையும் அறுக்கும். நாம் காரில் பார்க்கிற பிளேடு ஃபியூஸ் அறுப்பது 1,000 ஆம்பியர் வரைதான். மூவாயிரம் வந்தால் அது எரிந்தபின்னும் உள்ளே தீப்பொறி தொடரலாம். கார் ஆடியோ சாமான் கடையில் பளபளப்பான முலாமோடு கிடைக்கிற ஏஎன்எல் என்ற வகையைப் பார்த்துச் செய்த போலி ஃபியூஸ்களை வாங்காதீர்கள். ஒரிஜினல் ஏஎன்எல் 32 வோல்ட்டில் 6,000 ஆம்பியர் அறுக்கும், ஆனால் அந்த எண் அச்சடிக்கப்படாத சரக்கை நம்பிப் படகைக் கடலுக்கு அனுப்ப எனக்கு மனசு வராது.

எத்தனை ஆம்ஸ்? 400 வாட்டை 13.5 வோல்ட்டால் வகுத்தால் 30 ஆம்பியர். வீச்சுக் காற்றில் 35, 40 என்று எகிறும். நீங்கள் எழுதிய 32 எப்போது அறுந்துபோகும் என்று யோசியுங்கள், காற்று பலமாக அடிக்கும்போதுதான் அறுந்துபோகும், அதாவது மெஷினுக்குச் சுமை அவசியம் தேவைப்படுகிற அதே நேரத்தில் சுமையைக் கழற்றிவிடும். இங்கே சின்ன ஃபியூஸ் கூடுதல் பாதுகாப்பு ஆகாது, ஆபத்து. 50 ஆம்பியர் போடுங்கள், அந்த 50 ஆம்பியரையும் சூடாகாமல் தாங்குகிற ஒயரைப் போடுங்கள். மெஷினின் உச்சத்துக்கு மேலே ஃபியூஸ், ஃபியூஸுக்கு மேலே ஒயர், இந்த வரிசை மாறக் கூடாது.

ஒயர் கணக்கு. பின்பக்கக் கம்பத்திலிருந்து பாட்டரிக்கு 6 மீட்டர் என்றால் போக வர 12 மீட்டர். 4 ஸ்கொயரில் 30 ஆம்பியர் ஓடினால் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும், ஏறக்குறைய 47 வாட் ஒயரைச் சூடேற்றுவதற்கே செலவு. 16 ஸ்கொயர் போட்டால் 0.4 வோல்ட், 12 வாட். மூன்று ஃபேஸாக இழுத்தாலும் நஷ்டக் கணக்கு ஏறக்குறைய அதேதான் வரும். 16 போடுங்கள். வீட்டு ஒயர் வேண்டாம், காரணம் ஆம்பியர் மட்டும் இல்லை. படகில் சில வருஷம் ஓடிய சாதாரண செம்பு ஒயரை வெட்டித் தோலை உரித்துப் பாருங்கள், முனையில் மட்டும் இல்லை, உள்ளே ஒரு சாண் தூரத்துக்கு இழைகள் கறுத்திருக்கும். உப்பு ஈரம் இழைகளுக்கு நடுவில் திரி மாதிரி ஏறிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயம் பூசிய, நிறைய மெல்லிய இழை உள்ள மெரைன் கேபிள்தான் வேண்டும். மதுரையில் அலைய வேண்டாம், கொச்சியிலோ தூத்துக்குடியிலோ கப்பல் சாமான் விற்பவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். வெல்டிங் கேபிள் வளையும், பார்க்க அதேபோல இருக்கும், ஆனால் வெள்ளீயப் பூச்சு இருக்காது. ஒயர் முனையில் மாட்டுகிற லக்கை சுத்தியலால் தட்டி நசுக்காமல் கிரிம்ப் டூலால் அழுத்துங்கள். சால்டர் மட்டும் வைத்து விட்டுவிடாதீர்கள், சால்டர் ஏறிய இடத்தில் ஒயர் கம்பி மாதிரி விறைத்துப்போய் அலையின் அதிர்வில் அங்கேயே ஒடியும். கிரிம்ப் ஆனதும் இரண்டு கையால் பலமாக இழுத்துப் பாருங்கள், அப்புறம் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் சிலீவ்.

கடைசியாக, பாட்டரி நிரம்பிவிட்டால் மெஷினின் கரண்ட் எங்கே போவது என்ற கேள்வியை நீங்கள் கேட்கவே இல்லை, அதுவும் லிஸ்டில் வர வேண்டும். கன்ட்ரோலரில் டம்ப் லோடு கொடுக்க வழி இருக்க வேண்டும். பாட்டரி நிரம்பினால் கரண்டை ஒரு பெரிய ரெசிஸ்டருக்குத் திருப்பிவிட்டு மெஷினைச் சுமையிலேயே வைத்திருக்கும். ரெசிஸ்டர் மெஷினைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக இருக்கட்டும், அதாவது 600 வாட். 14.4 வோல்ட்டுக்கு 0.36 ஓம் எடுத்தால் 576 வாட், 0.32 ஓம் எடுத்தால் 648 வாட். கை வைக்க முடியாத சூடு வரும், மரத்திலும் ஃபைபரிலும் ஒட்டி மாட்டாமல் உலோகத் தட்டில் இடைவெளி விட்டு மாட்டுங்கள். தண்ணீர் ஊற்றுகிற பாட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும், அதனால் ரெசிஸ்டரோ சாதாரண சுவிட்சோ பாட்டரி பெட்டிக்குள் வேண்டவே வேண்டாம். அங்கே வைக்கிற ஃபியூஸும் பொறி வெளியே வராத வகையாக இருக்கட்டும், எம்ஆர்பிஎஃப் அப்படித்தான் வருகிறது.

கேள்வி: எனக்கு எம்சிபி பற்றி ஒரு சந்தேகம். பாலிடெக்னிக் மூன்றாம் வருஷம், புராஜெக்ட்டுக்கு சின்ன காற்றாலை செய்கிறோம். டிசி எம்சிபி வாங்கினோம், அதில் பிளஸ், மைனஸ் குறி போட்டிருக்கிறது. எம்சிபி என்பது வெறும் சுவிட்ச்தானே, அதற்கு ஏன் பிளஸ் மைனஸ்? ஏசி எம்சிபியே போட்டால் என்ன?
மாணவர், திருப்பரங்குன்றம்

பதில்: தம்பி, சிம்மக்கல் வாசகருக்கு எழுதும்போது இதை வேண்டுமென்றே உங்களுக்காக விட்டு வைத்தேன். நம் வீட்டு ஏசி 50 ஹெர்ட்ஸ், கரண்ட் ஒரு நொடியில் 100 முறை பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. காண்டாக்ட் பிரியும்போது வருகிற தீப்பொறிக்கு ஒவ்வொரு பூஜ்ஜியமும் அணைய ஒரு வாய்ப்பு. டிசியில் அந்த வாய்ப்பே இல்லை. பொறியை இழுத்து நீட்டி, துண்டு துண்டாக வெட்டி, குளிரவைத்துத்தான் அணைக்க வேண்டும். டிசி எம்சிபிக்குள் சில கம்பெனிகள் அதற்கு ஒரு காந்தம் வைக்கிறார்கள். காந்தம் பொறியை ஒரு பக்கமாகத் தள்ளி தகடுகளுக்குள் ஏற்றும். கரண்ட் எதிர்த் திசையில் வந்தால் அதே காந்தம் பொறியை எதிர்ப் பக்கம் தள்ளும், அங்கே தகடு இல்லை, உடல் பகுதிதான் இருக்கும், அது உருகும். அதற்குத்தான் பிளஸ் மைனஸ்.

உங்கள் புராஜெக்ட்டில் இது சிக்கலாகிற இடத்தைச் சொல்கிறேன், இதை ரிப்போர்ட்டிலும் எழுதுங்கள். சாதாரண நேரத்தில் கரண்ட் காற்றாலையிலிருந்து பாட்டரிக்குப் போகிறது. ஒயரில் ஷார்ட் ஆனால் பாட்டரியிலிருந்து காற்றாலைப் பக்கம் பாயும். ஒரே எம்சிபிக்குள் இரண்டு திசை. குறி போட்ட எம்சிபியை நீங்கள் எப்படி மாட்டினாலும் ஒரு திசைக்கு அது தவறாகத்தான் இருக்கும். ஆகவே குறி இல்லாத, இரு திசைக்கும் ஆகிற டிசி எம்சிபியை வாங்குங்கள், இல்லாவிட்டால் ஃபியூஸே போடுங்கள். ஃபியூஸுக்குத் திசை கிடையாது.

ஏசி எம்சிபி அடியோடு கூடாது என்று சொல்ல மாட்டேன். சில நல்ல கம்பெனிகள் தங்கள் ஏசி எம்சிபிக்கு ஒரு போலுக்கு இத்தனை டிசி வோல்ட், இத்தனை கிலோ ஆம்பியர் என்று டேட்டா ஷீட்டில் கொடுத்திருப்பார்கள். அப்படிக் கொடுத்திருந்தால் அந்த அளவுக்குள் போடலாம். ஆனால் டிசியில் அதன் காந்த ட்ரிப் (ஷார்ட் ஆனதும் உடனே அறுக்கிற பகுதி) ஏசியில் இருப்பதைவிடச் சுமார் 1.4 மடங்கு கரண்டில்தான் வேலை செய்யும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டா ஷீட்டில் டிசி என்ற வார்த்தையே இல்லை என்றால் வேண்டாம். பாட்டரி வெறும் 12 வோல்ட்தானே என்றும் நினைக்காதீர்கள், சுமை பிரிந்த காற்றாலை தன் வோல்டேஜை ஏற்றிக்கொண்டு அந்தப் பொறிக்குத் தீனி போடும்.

கேள்வி: ஆண்டிபட்டி பக்கம் தோட்டம். மோட்டார் கொட்டகை விளக்குக்கும் வேலி மெஷினுக்குமாக 24 வோல்ட் காற்றாலை வைத்திருக்கிறேன். ஆடி மாசம் நல்லா சுத்திக்கிட்டிருக்கும்போது பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று டெர்மினலைக் கழற்றினேன். இரைச்சல் கூடிக்கொண்டே போய் கன்ட்ரோலர் புகைந்துவிட்டது. கம்பெனிக்காரர் என் மேலதான் தப்பு என்கிறார். எனக்கு யாருமே சொல்லவில்லையே?
விவசாயி, ஆண்டிபட்டி

பதில்: சொல்லியிருக்க வேண்டும் ஐயா. மாட்டிக் கொடுத்தவர் அந்த இடத்திலேயே நின்று செய்து காட்டியிருக்க வேண்டிய விஷயம் இது. கம்பம் பள்ளத்தாக்கு வழியாக ஜூனிலிருந்து செப்டம்பர் வரை உங்கள் பக்கம் அடிக்கிற காற்றுக்குத்தான் ஆண்டிபட்டி, தேனி ரோட்டோரமெல்லாம் பெரிய காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றில் இந்த மெஷினைப் போடுகிறவர், பிரேக் சுவிட்ச் இல்லாமல் போட்டுவிட்டுப் போனது பெரிய குறை. நடந்தது என்னவென்று முதல் பதிலிலேயே இருக்கிறது. டெர்மினலைக் கழற்றியதும் சுமை போனது, வேகமும் வோல்டேஜும் ஏறியது, கன்ட்ரோலருக்குள் இருக்கிற கெப்பாசிட்டரும் டிரான்சிஸ்டரும் அதைத் தாங்கவில்லை.

தண்ணீர் ஊற்ற டெர்மினலைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை, மேல் மூடியைத் திறந்து ஊற்றினால் போதும். என்றைக்காவது பாட்டரியை மாற்ற வேண்டி வந்தால்தான் கழற்ற வேண்டும். அப்போது காற்று தணிந்த விடிகாலை பார்த்து முதலில் பிரேக் போடுங்கள், இறக்கை நின்றதைக் கண்ணால் பாருங்கள், அதன்பிறகு பாட்டரியைக் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது பாட்டரி முதலில், பிரேக்கை எடுப்பது கடைசியில்.

புதுக் கன்ட்ரோலர் வாங்கும்போது கடையில் சோலார் கன்ட்ரோலரைக் காட்டி ‘இதுவும் அதேதான்’ என்பார்கள். அது வேறு. சோலார் பேனலை லைன் அறுத்து விட்டால் அது சும்மா வெயிலில் கிடக்கும், ஒன்றும் ஆகாது, அதனால் சோலார் கன்ட்ரோலர் பாட்டரி நிரம்பியதும் லைனை அறுக்கிற மாதிரிதான் செய்யப்பட்டிருக்கிறது. உங்களுக்கு வேண்டியது மூன்று ஒயர் உள்ளே போகிற காற்றாலைக் கன்ட்ரோலர், டம்ப் லோடு டெர்மினல் உள்ளது, வோல்டேஜ் மிஞ்சினால் தானே பிரேக் போடுவது. வாங்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: டம்ப் லோடு மெஷின் பக்கமா, பாட்டரி பக்கமா? பாட்டரி பக்கம் கட்டியிருந்தால் ஃபியூஸ் போனதும் டம்ப் லோடும் சேர்ந்து பிரிந்துவிடும், மெஷின் மறுபடியும் அனாதைதான். மெஷின் பக்கம் இருக்கிறதையே வாங்குங்கள். தானே பிரேக் போடுகிற கன்ட்ரோலர் என்றாலும் கையால் திருப்புகிற சுவிட்ச் ஒன்று தனியாக இருக்கட்டும், எலக்ட்ரானிக் சாமான் போய்விட்ட நாளில் அதுதான் உதவும்.

டவர் இரும்பு என்றால் அதன் அடியிலேயே எர்த் ராடு இறக்கி, கன்ட்ரோலர் பெட்டியின் எர்த்தையும் அதோடு சேர்த்துவிடுங்கள். கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் நம் பக்கம் இடி பலமாக இருக்கும், தோட்டத்தில் உயரமாக நிற்பது அந்த டவராகத்தான் இருக்கும்.

கேள்வி: வீட்டில் சோலாருக்கு 12 வோல்ட் லித்தியம் பாட்டரி இருக்கிறது. அதிலேயே ஒரு சின்ன காற்றாலையையும் சேர்க்கலாமா? லித்தியத்தில் பிஎம்எஸ் (பாட்டரியைக் காக்கிற எலக்ட்ரானிக் பகுதி) இருப்பதால் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும் என்று கடையில் சொன்னார்கள்.
திருமங்கலம் வாசகர்

பதில்: பிஎம்எஸ் பார்த்துக்கொள்வது பாட்டரியை மட்டும். ஒரு செல் 3.65 வோல்ட்டை ஒட்டி வந்ததும் அது பாட்டரியை வெளியுலகத்திலிருந்து கழற்றிவிடும், செல் பிழைத்துக்கொள்ளும். வெளியே காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தால் ஆண்டிபட்டிக்காரர் கையால் செய்ததை பிஎம்எஸ் தானாகச் செய்துவிட்டது என்று அர்த்தம். அந்த வோல்டேஜ் அப்போது லைனில் இருக்கிற இன்வெர்ட்டர், எல்இடி, ரவுட்டர் எல்லாவற்றின் மேலும் விழும்.

சேர்க்கலாம், ஆனால் மெஷின் பக்கம் டம்ப் லோடு உள்ள கன்ட்ரோலர் வேண்டும், அது பிஎம்எஸ் வெட்டுகிற 14.6 வோல்ட்டுக்கு நன்றாகக் கீழே, 14.0 அல்லது 14.2இல் திருப்பிவிடுகிற மாதிரி செட் செய்யப்பட வேண்டும். பிஎம்எஸ் வெட்டும் முன் ஒரு சிக்னல் தருகிற வகையாக இருந்தால் அதை வைத்து ரிலே மூலம் பிரேக் போட வைக்கலாம், அது இன்னும் நல்லது. பாட்டரி முனை ஃபியூஸையும் மாற்றுங்கள். லித்தியத்தின் உள் ரெசிஸ்டன்ஸ் குறைவு, ஷார்ட் கரண்ட் அதிகம். படகுக்காரர்கள் இதற்கு கிளாஸ் டி (Class T) என்ற ஃபியூஸ் போடுகிறார்கள், அது 125 வோல்ட் டிசியில் 20,000 ஆம்பியரை அறுக்கும். இங்கே அது கிடைக்காவிட்டால் பெரிய ஷார்ட் கரண்டையும் அறுக்கிற எச்ஆர்சி (HRC) ஃபியூஸ் கேளுங்கள், உடம்பில் டிசி வோல்ட்டும் கிலோ ஆம்பியரும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மதுரை அண்ணா நகரில் மூன்று மாடி வீடு. மொட்டை மாடியில் 400 வாட் காற்றாலை வைத்தால் கரண்ட் பில் குறையுமா?
அண்ணா நகர் வாசகி

பதில்: குறையாதும்மா. அந்த 400 வாட் என்பது பெரும்பாலும் நொடிக்கு 12 மீட்டர் காற்றுக்குச் சொல்கிற கணக்கு. 6 மீட்டர் காற்றில் அது 50 வாட், 4 மீட்டர் காற்றில் 15 வாட். ஊருக்குள் பக்கத்து மாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் காற்றைக் குழப்பிவிடும், அதிர்வு கட்டடத்துக்குள் இறங்கும். அதே காசுக்கு சோலார் பேனல் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் தோப்பில் காற்றாலை இருக்கிறது. கிரீஸ் வைக்க, போல்ட் முறுக்க என்று என் வீட்டுக்காரர் டவரில் ஏறுகிறார். 24 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
மேலூர் வாசகி

பதில்: உங்கள் பயம் சரியானதுதான் அம்மா, அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். பாட்டரி கட்டியிருக்கும்வரை 24 வோல்ட் ஷாக் அடிப்பது அரிது, ஆனால் பாட்டரி பிரிந்து சுற்றுகிற மெஷினில் 24 இருக்காது, ஷாக் அடிக்கிற அளவுக்குப் போகலாம். ஷாக்கைவிடப் பெரிய ஆபத்து இறக்கை. காற்று இல்லை என்று ஏறியபின் ஒரு வீச்சு வந்தால் போதும்.

ஏறும் முன் பிரேக் போட வேண்டும். பிரேக் போட்டாலும் இறக்கை மெதுவாக நகரும், அதனால் மேலே போனதும் முதல் வேலையாக ஒரு இறக்கையை டவரோடு கயிறு போட்டுக் கட்ட வேண்டும். எந்த முனையைத் தொடுவதற்கு முன்னாலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். கீழே யாரும் தெரியாமல் பிரேக்கை எடுத்துவிடக் கூடாது, ஆகவே பூட்டு மாட்டுகிற வசதி உள்ள ரோட்டரி சுவிட்சாக மாற்றிவிடுங்கள், விலை அதிகம் கிடையாது. அவர் இறங்கி வரும்வரை அந்தப் பூட்டின் சாவி அவரிடமே இருக்கட்டும்.